கருகிய உடலில் பல் என்ன சொல்லும்? சில கேள்விகள்

கே: உடம்பே கருகின பிறகு பல்லில் மட்டும் எப்படி டிஎன்ஏ மிஞ்சும்?

பல்லின் மேல்பூச்சான எனாமலில் சுமார் 96 சதவீதம் கனிமம்தான். அதற்குள் டென்டின் என்ற கெட்டியான அடுக்கு, நட்டநடுவே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் பல்கூழ், செல்கள் நிறைய இருப்பது அங்கேதான். உதடு வெந்ததும் முன்பற்கள் தீயை நேராக வாங்கிக்கொள்ளும். கடைவாய்ப்பல்லுக்குக் கன்னம், நாக்கு, தாடையெலும்பு எல்லாம் காவல். அதனால் முதலில் அதைத்தான் தேடுவோம். கடும் சூட்டில் வெந்து வெளுத்துப்போன பல் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தொட்டாலே உதிரும், ஹேர் ஸ்ப்ரே அடித்து இறுக்கித்தான் அதை எடுக்கவே முடியும்.

கே: ரூட் கேனல் செய்த பல் வீண்தானே?

இல்லை. கூழ் போனாலும் வேரைச் சுற்றியுள்ள சிமென்டம் என்ற அடுக்கில் செல்கள் உண்டு.

கே: ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?

எனாமல் உருவாக உதவும் அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமிலும் இருக்கிறது, ஆனால் ஒரே நீளத்தில் இல்லை. வழக்கமான சோதனையில் 6 டிஎன்ஏ எழுத்து வித்தியாசம் தெரியும். சரி, இதிலும் ஒரு சிக்கல்: இந்திய ஆண்கள் சிலருக்கு ஒய்யில் அந்தப் பகுதியே கிடையாது, சோதனை 'பெண்' என்றே காட்டும். அதனால் ஒய்யின் வேறு இடங்களையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கே: வயது?

குழந்தைகளுக்கு நன்றாகவே சொல்லலாம், பல் வளரும் கட்டங்கள் தெரிந்தவை. ஞானப்பல் முளைத்து முடிந்த பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வது பத்து வருடம்கூடப் பிசகும். அதற்கு வேறொரு வழி உண்டு: 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை ஏற்றிவிட்டன. எனாமல் உருவானபோது அது உள்ளே போய் அப்படியே தங்கிவிடுவதால், அதை அளந்து பிறந்த வருடத்தை ஓரளவு நெருங்கலாம்.

கே: எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ தேவையா?

தேவையில்லை. 1897இல் பாரிஸ் அறக்கொடைச் சந்தைத் தீயில் இறந்த அலாங்சோன் சீமாட்டியை அடையாளம் சொன்னது அவருடைய பல் மருத்துவர்தான். நம் ஊரில் பழைய எக்ஸ்ரேயை யார் வைத்திருக்கிறார்கள்? அப்போது வீட்டாரிடம் கல்யாண ஆல்பம் கேட்போம். வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு படத்தில் முன்பல் இடைவெளியோ ஓரம் உடைந்த பல்லோ தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.