"ஒரு பொம்பளை பேரு வேணும்மா"ன்னு கேட்டா குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுது. வயசு 44. மகளிர் குழுவுல 18 வருஷமா நோட்டு எழுதுறது நான்தான். எங்க ஊர் கோயில் அறநிலையத்துறையில இருக்கு, இப்ப அறங்காவலர் குழுவுக்கு மனு வாங்குறாங்க. ஊர்ப் பெரியவங்க வீட்டுக்கு வந்து, "சட்டப்படி ஒரு பொம்பளை பேரு வேணும்மா, நீ பேரை மட்டும் குடு, மத்ததை உன் வீட்டுக்காரர் பாத்துக்குவார்"னு சொல்லிட்டுப் போனாங்க. அவரும் அதையேதான் சொல்றார். கணக்குக்கு உக்கார வைக்கிற எடத்துக்கு நான் போகணுமா? அவமானமா இருக்கு.
- பேர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: தங்கச்சி, அவமானப்படுத்துனது அவங்க கேட்ட விதம்தான், அந்த சீட்டு இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு வேண்டாம்னு சொல்லிடாத, ஏன்னா நீ வேண்டாம்னா அவங்க அடுத்த வீட்டுக்குப் போய் எதுவும் கேக்காம கையெழுத்து போடுற ஒருத்தரைப் பிடிச்சுடுவாங்க.

1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, அறங்காவலர் மூணு பேர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும், அதுல ஒருத்தர் பட்டியலினமோ பழங்குடியோ, இன்னொருத்தர் பெண். அவ்வளவுதான். மீதி சீட்டெல்லாம் ஆம்பளைக்குன்னு அதுல எங்கயும் எழுதல. ஒண்ணுங்கிறது கொறைஞ்சபட்சம், ஆனா நம்ம ஊர்ல அந்த ஒண்ணையே கடைசி எல்லையாக்கிட்டாங்க. அதனால நீ மட்டும் மனு போடாத, உங்க குழுவுல தைரியமா பேசுற இன்னும் ரெண்டு பேரையும் போடச் சொல்லு. ஒருத்தியா உக்காந்தா உன் பேச்சு "அந்தம்மா சொல்றது"ன்னு ஓரமாப் போயிடும், ரெண்டு பேரா இருந்தா ஒருத்தி கேட்ட கேள்வியை இன்னொருத்தி விடாம பிடிச்சுக்குவா.

இதை அனுபவத்துலதான் சொல்றேன். பல வருஷம் முன்னாடி கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சங்கத்து நிர்வாகக் குழுவுல நான் ஒருத்திதான் பொம்பளை. கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல வைப்பாங்க, நான் போக முடியாது, மறுநாள் காலையில தீர்மான நோட்டு என் வீட்டு வாசலுக்கு வரும், எட்டு மாசம் நானும் படிக்காமயே கையெழுத்து போட்டேன். அப்புறம் ஒரு நாள் உக்காந்து பொரட்டிப் பாத்தா, நான் பாக்காத ஒரு ரிப்பேர் வேலைக்கு பில் பாஸ் ஆகியிருக்கு, கீழ என் கையெழுத்து. அன்னிக்கு எனக்கு வந்த நடுக்கம் உனக்கு வரக்கூடாது. "வீட்டுக்காரர் பாத்துக்குவார்"ங்கிறாங்களே, நாளைக்கு ஆடிட்ல கேள்வி வந்தா அவர் பேர் அதுல இருக்காது தங்கச்சி, உன் பேர்தான் இருக்கும்.

அதனால போறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் கறாரா சொல்லிடு. கூட்டம் பகல்ல நடக்கணும், செயல் அலுவலர் ஆபீஸ்ல நடக்கணும். கோயில் மண்டபத்துல வச்சா மாசத்துல சில நாளு உன்னை வரவேண்டாம்பாங்க, முக்கியமான தீர்மானம் கரெக்டா அன்னிக்கே வரும். தீர்மான நோட்டுல நீ இருந்த கூட்டத்துக்கு மட்டும்தான் கையெழுத்து. உனக்கு ஒத்துக்காததை "எனக்கு உடன்பாடு இல்லை"ன்னு உன் கையாலயே எழுது.

வேலை தெரியுமான்னு மட்டும் பயப்படாத. உண்டியல் எண்ணிக்கை, நிலக் குத்தகை பாக்கி, திருவிழாச் செலவு வவுச்சர், இதெல்லாம் நீ 18 வருஷமா எழுதுற நோட்டோட பெரிய அண்ணன்தான். தமிழ்நாட்டுல அரசாங்கம் மகளிர் குழுக்களை முதல்ல ஆரம்பிச்சதே நம்ம தர்மபுரியிலதான், 1989ல, அப்ப கிருஷ்ணகிரியும் தர்மபுரியோடதான் இருந்துச்சு, 2004லதான் பிரிச்சாங்க. பேங்குல பேரை எழுதவே கை நடுங்குன பொம்பளைங்க கடன் வாங்கி வட்டியோட கட்டி முடிச்சதை இந்த மண்ணு கண்ணால பாத்துருக்கு. அந்த ஊர்ல வந்து "பேரை மட்டும் குடு"ன்னு கேக்குறாங்கன்னா எனக்கு வயிறு எரியுது.

கோட்டாவுல வந்தவன்னு யாராவது சொல்லிக் காட்டுவாங்க, சொல்லட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுல பாதிப் பேர் பெண்கள்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. உள்ளாட்சியில நமக்கு 50 சதவீதம்னு 2016ல சட்டம் திருத்துனாங்க. பெரிய கம்பெனிங்க போர்டுலயே ஒரு பெண் டைரக்டராவது இருக்கணும்னு 2013ல சட்டம் போட்ட பிறகுதான் நிறைய எடத்துல கதவே திறந்துச்சு. தானா யாரும் நகர்ந்து எடம் விடல.

இன்னொண்ணு, அவசியம் பாத்துக்கோ. கோயில் நிலத்துல குத்தகையோ கோயில் கான்ட்ராக்ட் வேலையோ இருக்கிறவங்க அறங்காவலராக முடியாது. உங்க குடும்பத்துல யார் பேர்லயாவது அப்படி இருந்தா மறைக்காம ஆபீஸ்ல முதல்லயே கேட்டுடு. மனுவை ஊர்ப் பெரியவங்க கையில குடுத்து அனுப்பாம நீயே அறநிலையத்துறை ஆபீசுக்குப் போய்க் குடு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோ. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ, வேண்டாங்கல, ஆனா உள்ள போய்ப் பேசுறது நீயா இருக்கட்டும்.