ரெண்டு கதவு மின்சார பிக்கப் ஓடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ஸ்லேட் என்ற புதுக் கம்பெனி அறிவித்திருக்கும் ரெண்டு கதவு பிக்கப்பைப் பற்றியும், அதே சாக்கில் நம்மூர் மின்சாரக் குட்டியானைகளை, அதாவது டாடா ஏஸ் மாதிரி சின்னச் சரக்கு வண்டிகளைப் பற்றியும் குமரி மாவட்டத்தின் பல இடங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். தொழிலுக்கு வண்டி எடுக்க நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: ரேடியோ இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், பெயிண்ட்கூட அடிக்கவில்லை. இப்படி ஒரு வண்டியை அமெரிக்காக்காரன் வாங்குவானா அண்ணாச்சி?

விலை சரியாக இருந்தால் வாங்குவான். 2025 ஏப்ரலில் வண்டியைக் காட்டியபோது அவர்கள் சொன்ன கணக்கு, அரசாங்கத்தின் 7,500 டாலர் வரிச்சலுகை போக 20 ஆயிரம் டாலருக்குள் கையில் கிடைக்கும் என்பது. அமேசான் ஜெஃப் பெசோஸ் பணம் போட்டிருக்கிறார் என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, 50 டாலர் கட்டிப் பெயர் பதிந்தவர்கள் சில வாரத்திலேயே ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். அப்புறம் அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துபோனது, கம்பெனியும் இருபதாயிரம் என்ற பேச்சை விட்டுவிட்டு இருபத்தைந்தாயிரம் பக்கம் வரும் என்று சொல்ல ஆரம்பித்தது. பெயர் பதிந்த 50 டாலர் கேட்டால் திரும்பக் கிடைக்கிற பணம், அதனால் அந்த ஒரு லட்சத்தை விற்பனையாக யாரும் எண்ண வேண்டாம்.

வண்டியைப் பொறுத்தவரை, அதில் இருக்கும் யோசனை எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. உடம்பு முழுக்க சாம்பல் நிற பிளாஸ்டிக் பலகை, நிறம் வேண்டும் என்றால் மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதனால் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவு என்ற பெரிய செலவே இல்லாமல் போகிறது. ஒரே மாடல், ஏசி உண்டு, நடுவில் பெரிய தொடுதிரை கிடையாது, பாட்டு வேண்டுமானால் போனில் கேட்டுக்கொள். பேட்டரி 52.7 யூனிட், ஒரு ஃபுல் சார்ஜில் ஓட்டம் சுமார் 240 கிலோமீட்டர். கூடக் காசு கொடுத்தால் 84.3 யூனிட் பேட்டரி, அதில் 385 கிலோமீட்டர் வரை. லோடு 650 கிலோ பக்கம். புல் வெட்டுகிறவர், பிளம்பர், பூச்சி மருந்து அடிக்கிறவர் என்று ஒரே ஊருக்குள் சுற்றுகிற ஆட்களுக்கு இது தாராளம்.

சிக்கல் எங்கே என்றால், 20 ஆயிரத்தில் இந்த வண்டிக்குப் போட்டி கிடையாது, 25 ஆயிரத்தைத் தாண்டினால் நிறையப் போட்டி. ஃபோர்டு மேவரிக் என்று ஒரு சின்ன பிக்கப், நாலு கதவு, அஞ்சு சீட்டு, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட். 2021-இல் 19,995 டாலருக்கு வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் ஃபோர்டு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தி வைத்தது. இன்று அது 28 ஆயிரம் பக்கம் ஏறிவிட்டது, ஆனாலும் இரண்டு மூன்றாயிரம் டாலர் கூடப் போட்டால் குடும்பம் முழுக்க ஏறலாம் என்றால் மாதத் தவணை கட்டுகிறவன் எதை எடுப்பான்? போதாக்குறைக்கு ஃபோர்டு 30 ஆயிரம் டாலருக்கு நாலு கதவு மின்சார பிக்கப் ஒன்றை 2027-இல் கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருக்கிறது. ஸ்லேட் வண்டி, கம்பெனிகள் தங்கள் வேலைக்கு மொத்தமாக வாங்குவதிலும், வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் வைத்திருப்பவர்களிடமும் ஓரளவு ஓடும், லட்சக்கணக்கில் போகாது என்பது என் கணிப்பு. பின்சீட்டும் கூரையும் பூட்டி அஞ்சு பேர் போகிற வண்டியாக மாற்றிக்கொள்ளும் கிட் ஒன்றையும் விற்கப் போகிறார்கள். அதற்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பதை வைத்து என் கணிப்பு மாறலாம்.

நாகர்கோவிலிலிருந்து: அவ்வளவு நல்லது என்றால் அங்கே ரெண்டு கதவு சின்ன பிக்கப் ஏன் இத்தனை நாள் இல்லாமல் போனது?

முன்னே இருந்தது. எழுபது, எண்பதுகளில் டட்சன், டொயோட்டா எல்லாம் அங்கே அப்படித்தான் ஓடின. பிறகு பிக்கப் என்பது குடும்பக் கார் ஆகிவிட்டது, நாலு கதவில்தான் கம்பெனிக்கு லாபமும் அதிகம். ஃபோர்டு ரேஞ்சரின் ரெண்டு கதவு மாடல் 2011-ஓடு அங்கே நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்கவும் வழியில்லை, 1964 முதல் இறக்குமதி பிக்கப்புக்கு 25 சதவீத வரி இருக்கிறது.

வடசேரியிலிருந்து: அந்த வண்டி இந்தியாவுக்கு வருமா? வந்தால் நமக்குக் கொள்ளாமா?

காத்திருக்க வேண்டாம். 25 ஆயிரம் டாலர் என்றால் வரிக்கு முன்பே இருபது லட்சத்தைத் தாண்டிவிடும், அந்தக் காசுக்கு நம் சந்தையில் 650 கிலோ ஏற்றுகிற வண்டியை யார் எடுப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெண்டு கதவு, கையால் சுற்றுகிற கண்ணாடி, தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாத கேபின், இதெல்லாம் அமெரிக்காவில்தான் புதுச் செய்தி. டாடா 2005-இல் ஏஸ் வண்டியை இறக்கியபோது இதைத்தான் செய்தது, 25 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. வடசேரி சந்தைக்கு விடியற்காலையில் வந்து நிற்கிற வண்டிகளில் எத்தனை குட்டியானை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏத்தன் குலை, செவ்வாழை, மரச்சீனி, செங்கல், எல்லாம் அதில்தான் வருகிறது. எளிமையான வண்டியை நம் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வி இங்கே இருபது வருடத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. நமக்கு மிச்சம் இருக்கும் கேள்வி அதில் மின்சாரம் கட்டுபடியாகுமா என்பது மட்டும்தான்.

தக்கலையிலிருந்து: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெட்ரோலா, மின்சாரமா? ஒரு கணக்கு போட்டுச் சொல்லுங்கள் சார்.

டாடாவின் ஏஸ் புரோ வண்டியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஒரே வண்டி ரெண்டு விதத்திலும் வருகிறது. 2025 ஜூனில் வந்தபோது பெட்ரோல் 3.99 லட்சம், மின்சாரம் 6.50 லட்சம். லோடு 750 கிலோ. அந்த வருடம் செப்டம்பரில் சரக்கு வண்டிகளின் ஜிஎஸ்டியை 28-இலிருந்து 18 ஆக்கியபோது பெட்ரோல் வண்டி இன்னும் இறங்கியது, மின்சாரத்துக்கு முன்பே 5 தான் என்பதால் அது இறங்கவில்லை. ஆகவே வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 16, 17 யூனிட் இழுக்கும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் ஒரு ஃபுல் சார்ஜ் 170 ரூபாய், லோடோடு உண்மையில் நூறு கிலோமீட்டர் கிடைத்தால் கிலோமீட்டருக்கு ரூ. 1.70. பெட்ரோல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய்க்கு மேல். மிச்சம் நாலு ரூபாய் பக்கம்.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். தினம் 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர், மிச்சம் 8,000 ரூபாய், மூன்று வருடம் சொச்சத்தில் அந்த மூன்று லட்சம் திரும்பிவிடும். தினம் 40 தான் என்றால் ஆறு வருடத்துக்கு மேல் ஆகும், அப்போது பெட்ரோலே எடுங்கள். தக்கலையில் கடை வைத்துக்கொண்டு அழகியமண்டபம், திருவட்டாறு, இரணியல் என்று மட்டும் சரக்கு இறக்குகிறவருக்கு 40 கூட ஓடாது. ரெண்டு மூன்று கடைக்குச் சேர்த்து ஒரே வண்டி ஓடினால்தான் கணக்கு நிற்கும். மின்சார வண்டியை எவ்வளவுக்கு எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு லாபம், நிறுத்தி வைத்தால் நட்டம். இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், ஓட்டம் கம்மி அதனால் மின்சாரம் போதும் என்று.

நம் மாவட்டத்து ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை நெருக்கடியில் நின்று நின்று போகிற ரோடு மின்சார வண்டிக்கு நல்லது, நிற்கும்போது எரிபொருள் வீணாகாது, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நேர் எதிர். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று எதிரே அடிக்கும், நாலுவழிச் சாலையில் வேகமும் கூடும், ஓட்டம் கண்ணுக்கு முன்னாலேயே குறையும்.

தோவாளையிலிருந்து: பூ லோடு. தினம் திருவனந்தபுரத்தில் இருக்கும் சாலை என்ற மார்க்கெட்டுக்குப் போகணும். மின்சார வண்டி எடுக்கலாமா?

இந்தத் தடத்துக்கு வேண்டாம். போகவர 150 கிலோமீட்டர் பக்கம் வருகிறது, ஏஸ் புரோ மின்சார வண்டியின் சான்றிதழ் ஓட்டமே, அதாவது சோதனையில் அளந்து சொல்லும் ஓட்டமே, 155 தான். சான்றிதழ் ஓட்டம் ரோட்டில் கிடைக்காது. பூ கனமில்லாத சரக்கு என்பது உங்களுக்குச் சாதகம், இருந்தும் வழியில் சார்ஜ் போட்டு நிற்க வேண்டிய நிலை வந்தால் மார்க்கெட் நேரம் போய்விடும், ஓணம் சீசனில் ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன விலை இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். முருகப்பா குழுமத்தின் மான்ட்ரா எவியேட்டர் மாதிரி 245 கிலோமீட்டர் சான்றிதழ் உள்ள வண்டி இருக்கிறது, ஆனால் விலை 16 லட்சம் பக்கம், பூவுக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை. திருவனந்தபுரத்துக்குப் பழைய டீசலே ஓடட்டும். நாகர்கோவில், சுசீந்திரம், கன்னியாகுமரி என்று கோயிலுக்கும் கடைக்கும் சுற்றுகிற வேலைக்கு இரண்டாவது வண்டியாக வேண்டுமானால் மின்சாரம் எடுங்கள்.

குளச்சலிலிருந்து: மீன் லோடு, உப்புத் தண்ணீர். பேட்டரி தாங்குமா?

பேட்டரிப் பெட்டிக்கு ஐபி 67 தரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்பது அதன் அர்த்தம். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. மீன் பெட்டியிலிருந்து நாள் முழுக்க ஒழுகுகிற உப்பும் ஐஸ் தண்ணீரும் வேறு விஷயம். முதலில் போவது சேஸிஸும் வயர் இணைப்புகளும்தான். இணைப்பில் உப்பு ஏறி மின்கசிவு வந்தால் வண்டியின் பாதுகாப்பு அமைப்பே வண்டியை நிறுத்திவிடும், ஓரத்தில் ஒதுக்கிப் பழுது பார்க்க முடியாது.

அதனால் எடுத்த கையோடு தொட்டிக்குள் ஃபைபர் லைனிங் போடுங்கள், தண்ணீர் ஒரே குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் விழட்டும். அடியில் கோட்டிங் அடியுங்கள். தினம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் ஆரஞ்சு நிற வயரும் பிளக்கும் இருக்கிற பக்கம் பிரஷர் பம்பை நீட்ட வேண்டாம். ஸ்லேட் வண்டியின் பிளாஸ்டிக் உடம்பு நம் கடற்கரைக்குப் பொருத்தமான ஒரு யோசனை, இங்கே யாராவது அதைச் செய்தால் தேங்காப்பட்டணம் முதல் சின்னமுட்டம் வரை கேட்டு வாங்குவார்கள் என்று நம்புகிறேன்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 750 கிலோவில் ஐஸும் பெட்டியும் போக மீன் 400 கிலோதான் தேறும். படகு எப்போது கரைக்கு வரும் என்று தெரியாத தொழில், இரவு எந்நேரமும் கூப்பிடுவார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு இப்போதே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் இழுக்குமா?

இழுக்கும். மின்சார மோட்டாருக்கு எடுத்த எடுப்பிலேயே முழு விசை உண்டு. உங்கள் பக்கத்தில் இன்னொரு வசதி, காலி வண்டி மேலே ஏறுகிறது, ரப்பர் பாலும் ஷீட்டும் ஏற்றிய வண்டி கீழே இறங்குகிறது, இறக்கத்தில் சார்ஜ் திரும்பும். மேலே தோட்டத்திலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள், நிறைந்த பேட்டரியில் அது திரும்ப ஏறாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

ஒன்றே ஒன்று. 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுகிற பழக்கத்தை விட முடியாது என்றால் மின்சாரம் எடுக்க வேண்டாம். ஓட்டம் பாதியாகும், மோட்டார் சூடாகும், வாரண்டி கேட்டுப் போகும்போது வண்டியின் பதிவுகளைப் பார்த்தே கையை விரித்துவிடுவார்கள்.

அருமனையிலிருந்து: பேட்ஜ் வேண்டுமா? கேரளாவுக்குப் போக பர்மிட்?

சாதாரண எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸ் போதும், 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு பேட்ஜ் என்கிற தனி அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. மின்சார சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-இலேயே விலக்கு கொடுத்திருக்கிறது. இன்சூரன்ஸும் எஃப்சியும் (வண்டியின் தகுதிச் சான்று) சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் போர்டு பச்சை, எழுத்து மஞ்சள்.

குழித்துறையிலிருந்து: அஞ்சு வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்?

என்னை யோசிக்க வைப்பது இந்தக் கேள்விதான். பழைய டீசல் குட்டியானையை மார்த்தாண்டத்தில் எந்த வண்டிப் புரோக்கரிடம் கொண்டுபோனாலும் ஒரு விலை சொல்வார், பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். மின்சார வண்டிக்கு அப்படி ஒரு கைமாற்றுச் சந்தை இன்னும் அமையவில்லை, ஆகவே விற்கும் விலையை உங்கள் கணக்கில் சேர்க்காமலே லாபம் வருகிறதா என்று பாருங்கள். தவணைக் காலம் பேட்டரி வாரண்டிக்குள் முடிய வேண்டும். வாரண்டி எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலிலேயே இருக்கிறதா, அங்கே உயர் மின்அழுத்த வேலை தெரிந்த ஆள் இருக்கிறாரா, இல்லை வண்டியைத் திருநெல்வேலிக்குக் கட்டி இழுக்கச் சொல்வார்களா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள்.