1988 எஃப்.ஏ. கோப்பை யார் கணக்கில் வரும்?

இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகள் வென்ற கோப்பைகளைத் தொகுக்கும் உங்கள் பட்டியலில், விம்பிள்டன் வென்ற 1988 எஃப்.ஏ. கோப்பையை மில்டன் கீன்ஸ் டான்ஸ் கிளப்பின் வரிசையில் போடாதீர்கள். விம்பிள்டன் எஃப்.சி. என்று தனி வரிசை திறந்து அங்கே எழுதுங்கள்.

அதை மில்டன் கீன்ஸுக்குக் கொடுக்கும் பட்டியல், லீக் போட்டியில் ஆடும் இடம் எந்த அணியிடம் போனது என்பதைப் பின்பற்றித் தயாரானதாக இருக்கலாம். 1889இல் தொடங்கிய விம்பிள்டன் கிளப், லண்டனை விட்டுப் போக 2002இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) அமைத்த மூவர் குழு அனுமதித்தது. 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்குப் போன அணிக்கு 2004இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயரும் மாறியது. லீக் இடம் கைமாறாமல் தொடர்ந்ததால் கோப்பையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் 2007இல் அந்தக் கிளப்பே பழைய வரலாற்றின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்து, கோப்பையின் நகலை விம்பிள்டன் அடங்கிய லண்டனின் மெர்டன் நகராட்சிக்கு அனுப்பிவிட்டது. பிறகு என்ன தகராறு?

பட்டியலில் தொடக்க ஆண்டைப் பாருங்கள். 2004 என்று போட்டுவிட்டு அதே வரிசையில் 1988 கோப்பையும் இருந்தால், அதை நம்ப வேண்டாம்.

ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்குக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. அது 2002இல் ரசிகர்கள் தொடங்கிய புதுக் கிளப். விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, கீழ்நிலை லீக்குகளில் ஆடி 2011இல் ஃபுட்பால் லீக்குக்கு மேலே வந்தது. 1988 இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக விம்பிள்டனின் சான்செஸ் தலையால் முட்டிய கோலும், லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் பீசன்ட் தடுத்ததும் தங்களுடையவை என்று அந்த ரசிகர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதிவேட்டுக் கணக்கு வேறு. அடிக்குறிப்பில் எழுதுங்கள், எண்ணிக்கையில் கூட்டாதீர்கள்.