போர் வந்தே தீருமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நாடுகளுக்கு இடையே பெரிய போர் என்பது தலைவிதியா, தடுக்கக்கூடியதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். சிலதுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், சிலதுக்கு நாலு வரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி: சார், மனுஷன் இருக்கிற வரைக்கும் சண்டை இருக்கும். அப்புறம் போர் மட்டும் எப்படி நிற்கும்?

சண்டை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் வந்த கையோடு யாராலும் போர் தொடுக்க முடியாது. பணம் ஒதுக்கணும், ஆள் திரட்டணும், யாராவது உத்தரவில் கையெழுத்துப் போடணும். பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று எழுபது வருஷத்துக்குள் மூன்று தடவை மோதிக்கொண்டார்கள். 1951-ல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஒப்பந்தம் போட்டார்கள், அதாவது பீரங்கி செய்கிற சரக்கே ஒருவர் கையில் மட்டும் இல்லாதபடி. இன்றைக்கு அந்த இரண்டு நாடும் மோதும் என்று சொன்னால் சிரிப்பார்கள். மனுஷ குணமா மாறிப்போச்சு?

முத்தியால்பேட்டை: முதல் உலகப் போர் எப்படியும் வந்திருக்கும், கூட்டணியும் ஆயுதப் போட்டியும் அந்த அளவுக்கு முற்றியிருந்தது என்றுதானே படித்தோம்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் 1905-லும் 1911-லும் மொராக்கோ தகராறு, 1912-13-ல் பால்கன் போர்கள், அப்போதும் ஏறக்குறைய இதே கூட்டணிகள், இதே ஆயுதங்கள்தான். பெரும்போராக வெடிக்கவில்லையே. 1914-ல் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை. ஜூலை 5-ல் ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் நீ என்ன செய்தாலும் கூட நிற்கிறேன் என்று சொல்லிவிட்டது. 23-ம் தேதி ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது, செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பியது. அந்தப் பதிலை ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் 28-ம் தேதி காலையில்தான் படித்தார், படித்துவிட்டு இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதினார், அதே நாளில் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது! ஆகஸ்ட் 1-ல் படையை மேற்கே பிரான்ஸ் பக்கம் அனுப்பாமல் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பலாமா என்று வில்ஹெல்மே கேட்டார். முடியாது, ரயில் ஏற்பாடெல்லாம் குலைந்துவிடும் என்றார் தளபதி மோல்ட்கே. ஆக, போருக்கான பகை பல வருஷமாக இருந்தது, ஆனால் யோசிக்கிற நேரத்தை அவர்களே சுருக்கிக்கொண்டார்கள். நம் பீச் ரோட்டில் காந்தி சிலைப் பக்கம் இருக்கிற போர் நினைவுச் சின்னம் அந்தப் போரில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகக் கட்டியது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அதற்கு வேலையே இருந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வாய்ப்பு இருந்தது.

காரைக்கால்: வியாபாரம் இருந்தால் சண்டை வராதாமே?

1914-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். வந்ததே. வியாபாரம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நம்ம ஊரிலும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சுக்கிட்டாங்களே, நம்மால் ஏதாவது செய்திருக்க முடியுமா ஐயா?

முடியாதும்மா, முடிவு எடுத்தவர்கள் இங்கே இல்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி உங்கள் ஊரில் இருந்த இங்கிலீஷ்காரர் கோட்டையைப் பிடித்து இடித்தார், 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எனக்கு மனசு ஆறாதது 1783. அந்த வருஷம் ஜனவரி 20-ம் தேதியே வெர்சாயில் இரண்டு பேரும் பூர்வாங்க சமாதானம் கையெழுத்திட்டுவிட்டார்கள். சேதி கப்பலில் வரணும் இல்லையா. ஜூன் 13-ல் கடலூருக்கு வெளியே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் ஸ்டூவர்ட்டின் இங்கிலீஷ் படையும் மோதி இரண்டு பக்கமும் ஏகப்பட்ட சேதம், 20-ம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் இங்கிலீஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள், 25-ல் இன்னொரு தாக்குதல். சேதி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். அதாவது முடிந்துபோன போருக்காகச் செத்திருக்கிறார்கள், அதில் நம் சிப்பாய்கள் எத்தனை பேர். 1962-ல் சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவோடு வந்த விவகாரத்திலும் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் கடிதம் போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகியிருக்கிறது. அதனால்தான் மறுவருஷமே நேரடித் தகவல் இணைப்புப் போட்டார்கள்.

லாஸ்பேட்டை: அணுகுண்டு இருக்கிறதால்தான் மூன்றாம் உலகப் போர் வரலை. இதை ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?

பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. 1999 கார்கிலில் நம் விமானப் படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டவே இல்லை, அந்தப் பயமும் ஒரு காரணம்தான். மீதிப் பாதி அதிர்ஷ்டம். 1962 அக்டோபர் 27-ல் கியூபா பக்கம் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் அணு டார்பிடோ இருந்தது, மேலே அமெரிக்கக் கப்பல்கள் சிறு குண்டுகளைப் போட்டு வெளியே வா என்கின்றன, உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. கேப்டன் ஏவலாம் என்ற நிலைக்கு வந்துவிட, வேண்டாம் என்று அடக்கியவர் அதே கப்பலில் இருந்த இன்னொரு அதிகாரி அர்கிபோவ். 1983-ல் அமெரிக்க ஏவுகணை வருவதாக சோவியத் கணினி காட்டியபோது இது பிழையாக இருக்கும் என்று முடிவெடுத்தவர் அங்கே பணியில் இருந்த அதிகாரி பெட்ரோவ். இப்படி ஓர் ஆள் அந்த நேரத்தில் அங்கே இருப்பார் என்று நம்பித்தான் நாம் தூங்குகிறோம்.

உழவர்கரை: ஐ.நா. என்ன கிழிக்குது?

பெரிய நாடுகள் ஐந்துக்கும் வீட்டோ இருக்கும்போது அவர்களை அதனால் தடுக்க முடியாது. ஆனால் கியூபா விவகாரத்தில் அப்போது ஐ.நா.வின் தற்காலிகப் பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் விட்ட வேண்டுகோள், பின்வாங்குவதற்கு இரண்டு பேருக்கும் ஒரு சாக்காக இருந்தது. அந்தச் சாக்குக்கும் மதிப்பு உண்டு.

குருசுக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர்: எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில இருந்தவங்க. அப்பா இந்தோசீனாவுல இருந்தவர். பேசித் தீர்க்கலாம்னு சொல்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் தம்பி.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது என்பதும் உண்மை, 1938-ல் மியூனிக்கில் ஹிட்லரோடு பேசிப் பார்த்தார்கள், அடுத்த வருஷமே போலந்துக்குள் நுழைந்தான். எதிராளி போரைத்தான் விரும்புகிறான் என்றால் பேச்சு வேலைக்காகாது. ஆனால் நம் புதுச்சேரியையே பாருங்கள். 1954 மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூவில் தோற்ற பிரான்ஸ், இங்கேயும் இழுத்துப் பிடிக்கவில்லை. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, நவம்பர் 1-ல் கொடி மாறியது. சட்டப்படி முழுசாக முடிய 1962 ஆனது, அதுவரை இரண்டு அரசும் பொறுத்துக்கொண்டன. அதே இந்தியா, அதே நேரு, கோவாவில் போர்ச்சுகலோடும் பேசத்தான் பார்த்தார்கள், அந்த நாட்டை ஆண்ட சலாசார் அசையவில்லை, 1961 டிசம்பரில் ராணுவம் போனது. இங்கே இறங்கிவர பிரான்சுக்கு மரியாதையான வழி இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டது.

பண்ருட்டி: நாளைக்குப் பேப்பரில் எல்லைச் செய்தி வந்தால் எதைப் பார்த்து பயப்படணும், எதைப் பார்த்து பயப்பட வேண்டாம்?

டி.வி.யில் கத்துவதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் கெடு வைத்திருக்கிறார்களா, இரண்டு ராணுவ அதிகாரிகளும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களா, பழைய ஒப்பந்தங்கள் நிற்கின்றனவா, இந்த மூன்றும்தான். சிந்து நதி நீர் ஒப்பந்தம் 1960-லிருந்து 65, 71, கார்கில் எல்லாவற்றையும் தாண்டி நின்றது, 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தபோது நான் கவலைப்பட்டேன். இன்னொரு பக்கம் 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் நம் வீரர்கள் 20 பேர் செத்தும் இரண்டு பக்கமும் துப்பாக்கியால் சுடவில்லை. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று 1996-ல் போட்ட ஒப்பந்தம் அன்றைக்கும் அந்த அளவுக்குப் பிடித்து நிறுத்தியது.