காத்துக் கேஜ் எது வாங்கலாம்? கேள்வி பதில்

டயர்க் காத்து அளக்கிற கேஜைப் பற்றி மட்டும் இண்டைக்குக் கேளுங்க. பற்றரி, ஒயில், எந்த டயர் நல்லம் எண்டதெல்லாம் வேற நாளைக்கு.

கேள்வி (செங்கலடி): அண்ணே, வேகன் ஆர் வெச்சிருக்கன். கடையில பேனை மாதிரி ஒண்டு, முள்ளு வெச்சது ஒண்டு, டிஜிட்டல் ஒண்டு இருக்கு. எதை எடுக்கலாம்?

முள்ளு வெச்சதை எடுங்க தம்பி. ஆனா எடுக்க முந்தி அதில கடைசி இலக்கம் என்ன எண்டு பாருங்க. உள்ளுக்குள்ள வளைஞ்ச பித்தளைக் குழாய் ஒண்டு இருக்கு. காத்து ஏற ஏற அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புது. போர்டன் எண்ட பிரெஞ்சுக்காரர் 1849இல உரிமம் எடுத்த வேலை, இண்டைக்கும் அதேதான். அது நம்பிக்கையா வேலை செய்யிறது அளவின்ட நடுப்பகுதியில. உங்கட காருக்கு 30, 35 பிஎஸ்ஐ (காத்தின்ட அமுக்கத்தை அளக்கிற அலகு), அப்ப 60 வரைக்கும் உள்ள கேஜ் போதும். கடைக்காரர் "இது 150 வரைக்கும் அளக்கும்" எண்டு பெருமையாக் காட்டுவார், வாங்காதீங்க. பெட்டியில 2 வீதப் பிழை எண்டு போட்டிருந்தா அது பெரும்பாலும் முழு அளவுக்குரிய 2 வீதம். 60 கேஜில 1.2 பிஎஸ்ஐ விலகும், 150 கேஜில 3 விலகும்.

பேனைக் கேஜ் மலிவு, லேசில உடையாது. ஆனா மண் போனா உள்ள இருக்கிற தண்டு இறுகும், கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுபோற ஆள் எண்டா வேணாம். டிஜிட்டல் இருட்டில வாசிக்க நல்லம், பற்றரியை மட்டும் பார்த்துக்கங்க. முள்ளுக் கேஜ் நிலத்தில விழுந்தா குழாய் வளைஞ்சிரும், அதால ரப்பர் உறை போட்டதா எடுங்க. சும்மா இருக்கக்குள்ள முள்ளு சைபரில நிக்குதா எண்டும் பாருங்க.

கேள்வி (காத்தான்குடி): என்ட டிஜிட்டல் 32.5 காட்டுது, பெற்றோல் செட்டில 35 காட்டுது. புள்ளி போட்டுக் காட்டுறதுதானே சரி?

புள்ளிக்குப் பிறகு இலக்கம் காட்டுறதும், சரியாக் காட்டுறதும் வேற வேற விசயம் தம்பி. செட்டுக் கேஜ் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கொங்கிரீட்டில விழுகுது எண்டு நிண்டு பாருங்க. அதோட, செட்டுக்கு ஓடிப் போகக்குள்ளயே டயர் சூடாகிரும். காலையில வண்டி எடுக்க முந்தி, கூட்டாளிமார்ட கேஜ் ரெண்டு வாங்கி ஒரே டயரில வெச்சுப் பாருங்க. ரெண்டு ஒத்துப்போய் ஒண்டு விலகினா, விலகினதைச் சந்தேகப்படுங்க. எப்பவும் 2 கூடக் காட்டுற கேஜைக்கூட வெச்சிருக்கலாம், கழிச்சா முடிஞ்சிது. ஒரே டயருக்கு ஒருக்கா 31, ஒருக்கா 34 எண்டு காட்டுறதைத்தான் எறியணும்.

கேள்வி (ஏறாவூர்): டயரிலயே 44 எண்டு அடிச்சிருக்கே, அவ்வளவு அடிக்கவா?

அது டயர் தாங்கிற உச்சம். உங்கட அளவு டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கரில இருக்கும். ஜப்பான் வண்டியில கேபிஏ எண்டு போட்டிருப்பான், அது கிலோபாஸ்கல், அமுக்கத்துக்கு வேற அலகு. 220 எண்டா 32 பிஎஸ்ஐ, 240 எண்டா 35. காலையில, டயர் ஆறியிருக்கக்குள்ள.

கேள்வி (சம்மாந்துறை): வயல் மெசினுக்கு, டிரக்டருக்கு, கார் கேஜ் சரிவருமா? பின் டயருக்குப் பாரத்துக்காகத் தண்ணியும் விட்டிருக்கன்.

நல்ல கேள்வி. சரிவராது. பெரிய பின் டயருக்கு வயலுக்குள்ள 12இல இருந்து 20க்குள்ளதான் வரும். கார் கேஜில அது அடிப்பக்கம், அங்க அதை நம்பேலாது. 35இல ஒரு பிஎஸ்ஐ பிழை பெரிசில்ல. 12இல ஒண்டு பிழைச்சா எட்டு வீதம். 30 வரைக்கும் மட்டும் உள்ள கேஜ் தேடி எடுங்க.

தண்ணி விட்ட டயரை அளக்கக்குள்ள வால்வ் உச்சியில வாற மாதிரி சில்லை நிப்பாட்டுங்க. கீழ இருந்தா தண்ணி கேஜுக்குள்ள பாயும். மேல நிக்கிற தண்ணிர பாரமும் சேரும், ஒரு மீட்டர் உசரத்துக்கு 1.4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். தண்ணிக்கும் தாங்கிற கேஜ் எண்டு தனியா இருக்கு, கிடைச்சா அதை வாங்கி, அளந்த பிறகு கழுவி வைங்க. ஒண்டு சொல்லுறன்: வயலுக்குக் குறைச்ச காத்தோட நெல்லு மூட்டை ஏத்தி தார் ரோட்டில ஓடாதீங்க.

கேள்வி (வாழைச்சேனை): சைக்கிள் டயர் அளக்கலாமா?

பழைய வால்வ்டியூப் வெச்ச சைக்கிளுக்கு ஏலாது, அந்த ரப்பர் காத்தை வெளிய விடாது. விரலால அமத்திப் பாருங்க.

கேள்வி (கல்முனை, பஸ் ஓடுறவர்): மொனராகலைப் பக்கம் மத்தியான வெயிலுக்கு நிப்பாட்டி, கொஞ்சம் காத்து இறக்கிட்டுத்தான் நாங்க போறது. இல்லாட்டி வெடிக்கும். கேஜும் வேணாம், கம்பியால தட்டினா சத்தமே சொல்லும்.

அண்ணே, இதில நான் சண்டைக்கே வருவன். கார்க் கணக்கைச் சொல்றன். காலையில 27 பாகையில 32 பிஎஸ்ஐ. ஓடி டயருக்குள்ள 57 பாகை வந்தா கேஜ் கிட்டத்தட்ட 37 காட்டும். அது பிழையில்ல, டயர் செய்தவன் அந்த ஏத்தத்தைக் கணக்கில எடுத்துத்தான் ஆறின டயருக்கு அளவு போட்டிருக்கான். நீங்க 37ஐ 32க்கு இறக்கினா அடுத்த நாள் காலையில 28தான் இருக்கும்.

திரும்பவும் அவர்: அப்ப ரோட்டு ரோட்டா வெடிச்சுக் கிடக்கிற டயர்?

கன டயர் காத்துக் குறைஞ்சுதான் வெடிக்குது. காத்துக் குறைஞ்சா டயர்ப் பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் கூட மடியும், மடிய மடியச் சூடு ஏறும், கடைசியில உள்ள இருக்கிற நூல் விடும். நீங்க வெயிலுக்குப் பயந்து செய்யிறது சூட்டைக் கூட்டுற வேலை. தட்டிப் பார்க்கிறதைக் குறை சொல்லமாட்டன், முழுக்கப் போன டயரைக் காட்டும். 100ஐயும் 80ஐயும் சத்தம் பிரிக்காது. இரட்டை டயரில உள் டயர் போனா வெளி டயர் தாங்கிக்கொண்டு நிக்கும், உங்களுக்கே தெரியாது. அதுக்கு நீளக் கழுத்தில ரெண்டு பக்கமும் வாய் உள்ள கேஜ் இருக்கு, அதை வாங்குங்க.

இடையில அக்கரைப்பற்று லொறிக்காரர்: நைதரசன் அடிச்சா சூடே ஏறாதே?

வந்துட்டாங்க. நாம அடிக்கிற காத்திலயே 78 வீதம் நைதரசன். சூட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் ஏறும். ஈரம் இல்லாதது ஒரு லாபம்.

கேள்வி (மட்டக்களப்பு டவுன்): நைதரசனுக்கு வேற கேஜா?

இல்ல.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): டிஜிட்டல் நல்லமா அண்ணே?

மேல முதல் பதில்.

கேள்வி (பொத்துவில்): நுவரெலியா போறம், அங்க போய் காத்துக் குறைக்கணுமா?

வேணாம் தங்கச்சி. மேல போகக்குள்ள வெளிக்காத்து மெலியும், கேஜ் மூணளவில கூடக் காட்டும். குளிர் அதில ரெண்டுக்கும் மேல இறக்கிரும். கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

கேள்வி (ஆரையம்பதி): வண்டி இடப்பக்கம் இழுக்குது, கேஜ் பிழையா?

கேஜ் வண்டியை இழுக்காது. ரெண்டு முன் டயரையும் அளங்க, ஒண்டா இருந்தா அலைன்மென்ட் பார்க்கிற இடத்துக்குப் போங்க.

கேள்வி (அம்பாறை): மத்தியானம் அளந்தன், 38 காட்டுது, கொஞ்சம் திறந்து விடவா?

பஸ் அண்ணனோட இவ்வளவு நேரம் என்ன கதைச்சன்? விடாதீங்க. நாளைக்குக் காலையில அளங்க.

கேள்வி (கிரான்): ஸ்பெயார் வீலையும் அளக்கணுமா?

கட்டாயம். சில ஜப்பான் கார்ல வாற ஒடுங்கின தற்காலிகச் சில்லுக்கு 420 கேபிஏ, அதாவது 60 பிஎஸ்ஐ வேணும். நான் சொன்ன 60 கேஜ் அங்க நுனியில நிக்கும், அதுக்கு மட்டும் 100 கேஜ் ஒண்டு யாரிட்டயாவது வாங்கிப் பாருங்க. அந்தச் சில்லோட 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீங்க.