அப்பா படுத்துக்கொண்டே சிகரெட் பிடிக்கிறார். "இப்போது வரும் சிகரெட் தானாகவே அணைந்துவிடும், மெத்தை எரியாது" என்கிறார். உண்மையா?

பாதிதான் உண்மை.

தானாக அணையும் சிகரெட்டை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2004இல் கட்டாயமாக்கியது. கனடா 2005இல், ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பின்தொடர்ந்தன. அந்த சிகரெட்டுகளின் தாளில் காற்று எளிதில் புகாத பட்டைகள் உண்டு. இழுக்காமல் வைத்தால் கங்கு பட்டையை எட்டியதும் காற்று போதாமல் அணைய வேண்டும். ஆனால் சோதனைக்கூடத்திலேயே நூற்றுக்கு 25 வரை கடைசிவரை எரிந்து தீர்ந்தாலும் தேர்ச்சிதான்! அதுவும் வடிகட்டித் தாள் அடுக்கின் மேல், திறந்த நிலையில் வைத்து. போர்வை மடிப்புக்குள் விழுந்தால் சூடு அங்கேயே தங்கிவிடும். அது வேறு கணக்கு.

மெத்தைக்கும் சோதனை உண்டு. அமெரிக்காவில் 1973 முதல் எரியும் சிகரெட்டை மெத்தை மேல் நேரடியாகவும், இரண்டு விரிப்புகளுக்கு நடுவிலும் வைத்துப் பார்க்கிறார்கள். அதில் தேறிய மெத்தை என்றாலும், உங்கள் வீட்டுத் தலையணைக்கும் ரஜாய்க்கும் அது உத்தரவாதம் ஆகாது.

பஞ்சு உடனே சுடர்விடாது, உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனலும். ஃபோம் வெறும் கங்குக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. மேலே பருத்தி உறை கனன்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சுடர் பிடித்துவிட்டாலோ சில நிமிடங்களில் அறையே போய்விடும். ஆனால் பலருக்கு அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே உயிர் போய்விடுகிறது. கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகை நாற்றம் எழுப்பிவிடும் என்பதும் நம்பிக்கைதான், தூங்குகிறவர் மூக்கை நம்ப முடியாது.

அவரிடம் சிகரெட் ரகம் பற்றி வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். கட்டிலில் மட்டும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பிடிக்கட்டும் என்று கேளுங்கள். குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ அதுவும் கூடாது. ஆழமான, கவிழாத ஆஷ்ட்ரே வையுங்கள். கொட்டுமுன் தண்ணீர் ஊற்றுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வாங்கினால் ஒளிமின் (photoelectric) வகையாக வாங்குங்கள், கனலும் தீயை அதுதான் சீக்கிரம் பிடிக்கும். வீட்டில் ஆக்ஸிஜன் சிகிச்சை எடுப்பவர் இருந்தால் பேச்சே இல்லை, சிகரெட்டே கூடாது: ஆக்ஸிஜன் கருவியை நிறுத்திய பிறகும் துணியில் ஆக்ஸிஜன் தங்கியிருக்கும்.

மெத்தையில் கருகிய ஓட்டை தெரிந்து, தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள் என்றாலும் அணைந்துவிட்டதாக நினைத்து மறுபடி படுக்காதீர்கள். ஆழத்தில் கங்கு இருக்கலாம். அறையில் புகை சூழ்ந்திருந்தால் ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மெத்தையை இழுத்து வெளியே போடப் பார்க்காதீர்கள். காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும், வாசலில் சிக்கிக்கொண்டால் நீங்கள் வெளியேறும் வழியும் அடைபட்டுவிடும்.