மார்ட்டின் லூதர் கிங் தினத்தில் விடுமுறை விட்டும் மாணவர்கள் ஏன் வேலை செய்கிறார்கள்?

அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை நினைவுகூரும் அரசு விடுமுறை. அன்று கல்லூரியில் வகுப்பு இருக்காது. ஆனால் மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு உணவு வங்கியில் அரிசி, டப்பா உணவுகளைப் பிரித்து அடுக்குவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பேரணி, பிரார்த்தனை, சொற்பொழிவு எல்லாம் உண்டு.

காரணம், 1994இல் வந்த ஒரு சட்டம் இந்த நாளைச் சேவை நாளாகவும் ஆக்கியது. நம் வீட்டில் தாத்தாவின் நினைவு நாளில் படத்துக்கு மாலை போடுவதோடு நிற்காமல் நாலு பேருக்குச் சாப்பாடு போடுகிறோமே, அது மாதிரிதான். கிங்குக்கு இது பொருத்தமும்கூட. 1968இல் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கே வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத்தான் போயிருந்தார்.

விடுமுறையும் சும்மா கிடைக்கவில்லை. அவர் இறந்த நாலாவது நாளே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அதிபர் ரீகன் அதில் கையெழுத்திட்டது 1983இல். முதல் கொண்டாட்டம் 1986இல். அரிசோனா மாநில மக்கள் 1990 வாக்கெடுப்பில் இதை நிராகரிக்க, 1993இல் அங்கே நடக்கவிருந்த சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியே 1991இல் கைமாறிப் போனது! அப்புறம்தான், 1992இல், வழிக்கு வந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைதான் அவருடைய பிறந்தநாள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பிறந்தது 1929 ஜனவரி 15, விடுமுறையோ 15 முதல் 21 வரை எந்தத் தேதியிலும் வரலாம்.